மடியில் பீஸ் கட்டை

ரெட்டியார்பாளையத்தில் போய்த் தனக்கொடி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மிஷின்காரம்மா வீடு என்று கேளுங்கள். மளிகைக் கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து கை காட்டுவார். சேலைக்கு மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, டிவிஎஸ் வண்டியின் முன்பலகையில் சாக்குச் சுற்றிய டிரில்லிங் மிஷின், இப்படித்தான் டவுனுக்குள் போவாள், வருவாள். எந்தச் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட வட்ட ஓட்டை வேண்டுமென்றாலும், அதுவும் ஆம்பிளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் வேண்டுமென்றால், அவளுக்குத்தான் ஆள் போகும்.

இந்தப் பேரெல்லாம் பிறகு வந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்தில் ஒரு நாள் அந்த மிஷின் விலை பேசி முடிந்து, கடலூர்க்காரர் ஒருவர் சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவதாக இருந்தது. அது போகாமல் நின்ற கதை இது.

ஓட்டைதானே, அதில் என்ன பெரிய வித்தை என்று சிலர் கேட்பார்கள். கேட்கிறவர் கையில் மிஷினைக் கொடுத்து ஒரு நிமிஷம் சுவரில் வைக்கச் சொல்ல வேண்டும், வாய் தானாக மூடிக்கொள்ளும். மிஷின் முனையில் மாட்டுகிற பிட்டு என்பது ஒரு அகலமான இரும்புக் குழாய். விளிம்பெல்லாம் வைரத்தூள் பதித்த பற்கள். சுழன்று சுழன்று சுவரை வட்டமாக அறுத்துக்கொண்டு உள்ளே போகும். போகிற வழியில் கருங்கல்லோ கம்பியோ பட்டுச் சிக்கிக்கொண்டால் பிட்டு நின்றுவிடும், மிஷின் நிற்காது. பிடித்திருக்கிறவர் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு அது சுற்றும். சுவருக்குள் ஒயர் ஓடுகிறதா, பைப் ஓடுகிறதா, அந்தப் பக்கம் யாராவது சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்கிறார்களா, மிஷினுக்கு என்ன தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டியது பிடிக்கிறவர் பாடு.

தனக்கொடியின் புருஷன் ராமலிங்கத்துக்கு இதெல்லாம் அத்துப்படி. பாகூர்ப் பக்கம் கரும்புக் கொல்லையில் கூலிக்கு நின்ற புருஷனும் பெண்டாட்டியும் கட்டட வேலைக்கு டவுனுக்கு வந்தவர்கள். அவள் சித்தாளாக மண் சுமந்தாள். அவன் மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி மிஷின் பழகிக்கொண்டு, பிறகு சொந்தமாகவே ஒன்று வாங்கினான். அவன் பிடிக்க, அவள் பக்கத்தில் நின்று பிட்டு மாற்றுவாள், உடைந்த செங்கல்லை உளியால் நெம்பி எடுப்பாள், அவன் இளைப்பாறும்போது தானும் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பாள்.

எல்லாம் தெரிந்தும் என்ன பயன்? ஒரு வீட்டில், அவள் காய்ச்சலில் படுத்திருந்த அன்று, அவன் தனியாக வேலைக்குப் போனான். மீட்டர் பலகையில் சொருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கினான். அதைப் பிடுங்கிவிட்டால் வீட்டுக்குள் கரண்டு கிடையாது. பிடுங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மிஷினுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கரண்டு இழுத்து வேலையைத் தொடங்கினான். வீட்டுக்காரம்மாவுக்கு மத்தியான சீரியலுக்கு நேரமாகிவிட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டையை எடுத்துச் சொருகிவிட்டு டிவியைப் போட்டாள் புண்ணியவதி. சுவருக்குள் இருந்த ஒயரைப் பிட்டு கடித்தது. முக்காலியிலிருந்து மிஷினோடு விழுந்தான் ராமலிங்கம். உயிர் தங்கியது பெரிய காரியம். வலது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்துகொண்டது, ஒரு டம்ளரை நேராகப் பிடிக்க வராது. அந்த அம்மாளை நினைத்தால் தனக்கொடி இன்றைக்கும் பல்லைக் கடிப்பாள்.

அதன் பிறகு அவன் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேனாகப் போனான். மிஷின் சாக்குக்குள் மூலையில் கிடந்தது. அவள் அதைத் தானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று தினம் ஒரு தரம் சொல்வதும், அவன் காதில் விழாதமாதிரி இருப்பதும் வழக்கமாகிவிட்டது. கடைசியில் அவன் அதை விற்க ஆள் பார்த்துவிட்டான்.

“எங் கை போனது போதும். நீயும் போயி விழுந்து வைக்காத. சாயங்காலம் கடலூர் ஆளு வர்றாரு, குடுத்துடப் போறேன்” என்றான்.

“ஒரே ஒரு ஓட்டை இன்னிக்கி தனியா போட்டுட்டு வரேன். முல்லா வீதியில கேட்டிருக்காங்க. போடாம வந்தேன்னா நீயே தூக்கிக் குடுத்துடுய்யா, நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“மிஷினு உன்னத் தூக்கி அடிச்சிடும்டி.”

“அடிக்கட்டும், பாத்துக்கறேன்” என்று வண்டியைக் கிளப்பினாள். மறுபடி மண் சுமக்கப் போகக் கூடாது, அவ்வளவுதான் அவள் மனசில் இருந்தது.

முல்லா வீதியில் அவளை வரச்சொல்லியிருந்தது ரமீஜா. சமோசா போட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறவள். நோன்பு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது, நோன்பு வந்தால் சமோசாவுக்கு ஊரே அலையும். அவளுக்கோ எண்ணெய்ப் புகையில் மூச்சு இழுப்பு. ஃபேன் வாங்கி வைத்து மாசக்கணக்காகியும் ஓட்டை போட வழியில்லை. புருஷன் முஹம்மது ஆரிப் குடைக்கடையும் பூட்டுக்கடையும் சேர்ந்த ஒரு சின்னக் கடையோடு பெரிய மார்க்கெட்டில் பகலெல்லாம் கட்டுண்டு கிடப்பவர்; ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் இன்னும் மும்முரம். அவர் இல்லாத நேரத்தில் வெளி ஆம்பிளை சமையல்கட்டு வரைக்கும் வருவதாவது? மிஷின் பிடிக்கிற பொம்பளை ஒருத்தி இருக்கிறாள் என்று காதில் விழுந்ததும் ஆள்மேல் ஆள் அனுப்பிவிட்டாள்.

தனக்கொடி போனதும் முதல் காரியமாக மீட்டர் பலகையிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். ஜன்னலில் வைக்கவில்லை, மேசையில் வைக்கவில்லை. சேலை மடியில் வைத்து இறுக்கி முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு மடியில் அந்தக் கனம் இல்லாவிட்டால்தான் பயம். மிஷினுக்கு எதிர் வீட்டிலிருந்து கரண்டு கேட்டு வாங்கினாள். எதிர் வீட்டில் இருந்தவர் பிரான்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், தெருவே அவரைச் சொல்தா என்றுதான் கூப்பிடும். பொழுது போகாத மனிதர், ஒயரை வாசல்வரைக்கும் தானே இழுத்துவந்து கொடுத்தார்.

பிறகு சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனாள். ஒன்றரை அடிக் கனத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர். ஓட்டை போட இந்த ஒரு சுவர்தான், இதற்கு வெளியேதான் சந்து. மற்ற மூன்றும் வீட்டுக்குள்ளேயே நிற்பவை. ஓரிடத்தில் பூச்சு கோடு போட்டதுபோல் புடைத்திருந்தது. கத்தியால் சுரண்டினாள். உள்ளே பழைய மரச்சட்டம், அதற்குள் துணி சுற்றிய இரண்டு ஒயர்.

“அது செத்த ஒயரும்மா. பாகம் பிரிச்சப்பவே அறுத்து விட்டுட்டாங்க” என்றாள் ரமீஜா.

டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. செத்த ஒயர்தான். வேறு ஒருவராக இருந்தால் அப்போதே மேசைமேல் ஏறியிருப்பார்கள். தனக்கொடிக்கோ அந்தப் பக்கம் போய்ப் பார்க்காமல் எந்தச் சுவரையும் தொடக் கூடாது என்று ஒரு பிடிவாதம். தெருவைச் சுற்றிக்கொண்டு சந்துக்குள் போனாள். சுவரிலிருந்து அதே ஒயர் வெளியே வந்து, புதுக் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு, தரையோடு போய் ஒரு தண்ணீர் மோட்டாரில் முடிந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் ஈரம் காயாமல் இருந்தது. உள்ளே திரும்பிவந்தாள்.

“சந்துல இருக்கற மோட்டாரு யாருதுக்கா?”

ரமீஜாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. “அவங்களுது.”

அவங்க என்றால் ஆரிப்பின் அண்ணன் ஜலால் வீடு. ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியதில் சமையல்கட்டு தம்பிக்கு வந்தது, தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் அண்ணனுக்குப் போனது. அன்றிலிருந்து ஜலாலின் மனைவி ஜைத்தூனுக்கும் ரமீஜாவுக்கும் பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதை இரண்டு பேரும் சுவரேறி வரும் பூனையைத் திட்டுகிற சாக்கில் ஜாடையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பூனை வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அளவே இல்லை.

தனக்கொடிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒயர் சாகவில்லை. மோட்டார் சுவிட்சு அந்த வீட்டில் அணைத்திருக்கிறது, அதனால் டெஸ்டர் எரியவில்லை. அவர்கள் சுவிட்சைத் தட்டிய நிமிஷம் இந்தச் சுவருக்குள் கரண்டு ஓடும். சட்டத்தைவிட்டு ஒரு சாண் தள்ளி ஓட்டை போடலாம்தான். ஆனால் சுவரின் கனத்துக்குள் அது எங்கே வளைந்து எங்கே திரும்புகிறதோ, இழுத்தவனுக்கே வெளிச்சம். இந்த வீட்டுப் பீஸ் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

“அந்த வீட்டு மோட்டாரு பீஸ் கட்டையும் வேணும்கா. போயிக் கேட்டு வாங்கிட்டு வரேன்.”

“ஐயே, வேணாம். அவகிட்டப் போயி நிக்கறதுக்கு நான் பொகையிலயே மூச்சு முட்டிச் செத்துடறேன்” என்றாள் ரமீஜா. “நீ போடும்மா. செத்த நேரத்து வேலை. அதுக்குள்ளயா அவ மோட்டாரப் போடப்போறா?”

“சீரியல் பாத்த அம்மாவும் செத்த நேரந்தானேன்னுதான் நெனச்சிருக்கும்.”

“யாரு?”

தனக்கொடி அந்த மரச்சட்டத்தை மறுபடி தட்டிப் பார்த்தாள். ரமீஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்தா பாரு, முடியும்னா போடு. இல்லன்னா மூட்டையக் கட்டு, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

வேறு ஒரு நாளாக இருந்தால் மூட்டையைக் கட்டியிருப்பாள். இன்றைக்கு ஓட்டை இல்லாமல் வீட்டுக்குப் போனால் மிஷின் கடலூருக்குப் போய்விடும். ஒயருக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு போட்டாலோ, ராமலிங்கம் விழுந்த இடத்திலேயே தானும் விழலாம். இரண்டும் அவளுக்கு ஆகாது. அழுகை வந்தது, அதை ஒதுக்கிவிட்டு நேரே ஜைத்தூன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஜைத்தூன் அவளை மேலும் கீழும் பார்த்தாள். புருஷன் சட்டை போட்ட பொம்பளை, கையில் டெஸ்டர். தனக்கொடி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஒயர் போகிற வழி, மோட்டார், ராமலிங்கத்தின் கை, ஒன்றையும் விடவில்லை.

“அவ வீட்டுப் பொகைக்கு நான் ஏன் என் மோட்டாரு பீஸைப் புடுங்கணும்?” என்றாள் ஜைத்தூன். “அவதான் சொல்லி அனுப்பினாளா?”

“இல்லக்கா. போகவே கூடாதுன்னாங்க. நான்தான் கேக்காம வந்துட்டேன்.”

“போகக் கூடாதுன்னாளா?” ஜைத்தூன் கதவை அகலத் திறந்தாள். “அவ சொல்லி நான் நடக்கறதா? புடுங்கிக்க.”

இப்படியும் ஒரு நல்லது நடக்கும் இந்த உலகத்தில். இரண்டாவது பீஸ் கட்டையும் தனக்கொடியின் மடிக்குப் போனது. ரமீஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சமோசா மாவு தேய்க்கும் கனமான மேசையைச் சுவரோரம் தள்ளினாள் தனக்கொடி. முக்காலி பக்கமே அவள் போக மாட்டாள். மூக்கிலும் வாயிலும் ஈரத்துணி கட்டிக்கொண்டாள். முதலில் சட்டத்தைவிட்டு ஒரு சாண் தள்ளி, ஓட்டை வர வேண்டிய இடத்தின் நடுவில், மெல்லிய நீளப் பிட்டால் ஒரு சின்னத் துளை போட்டாள், வெளிப்பக்கம் ஒரு நூல் தாழ்வாக. அப்போதுதான் மழைத் தண்ணீர் உள்ளே வராது. துளை சந்தில் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று பார்த்துவந்து, அந்த இடத்துக்குக் கீழே யாரையும் விடாதீர்கள் என்று சொல்தாவை நிறுத்தினாள். அவர் கைத்தடியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு எல்லைக் காவல்போல நின்றார், ஒரு ஆட்டைக்கூட விடவில்லை.

பெரிய பிட்டை மாட்டினாள். மிஷினின் பக்கப் பிடியை இடது கையில் இறுக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, காலை அகட்டி நின்றாள். சுவரில் வைத்ததும் அது துள்ளியது. பயமாகத்தான் இருந்தது. அவன் சொன்னதுபோல் தூக்கி அடித்துவிட்டால்? அழுத்தாதே, அதுவாகப் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுண்ணாம்பு புகையாகக் கொட்டியது. ஒரு தடவை எதிலோ சிக்கி மிஷின் முறுக்கியது. கை போகுமுன் விரல் சுவிட்சை விட்டுவிட்டது. இறங்கி மூச்சு வாங்கி, அறுந்த துண்டை உளியால் நெம்பி எடுத்து, மறுபடி ஏறினாள். பாதிச் சுவர் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போனால் மிச்சத்தை வெளியிலிருந்து அறுத்துவிடலாம், வெளிப்பூச்சு பெயர்ந்து விழாது.

அந்த நேரம் பார்த்துச் சந்திலிருந்து ஜைத்தூனின் குரல் கேட்டது.

“ஏம்மா, கட்டையக் குடு. டேங்கில சொட்டுத் தண்ணி இல்ல. அஸர் தொழுகைக்கு நேரமாச்சி, ஒளு செய்யணும்.”

“குடுத்துடாத” என்றாள் ரமீஜா பதறி. “குடுத்தா திரும்ப வராது. இவ்வளவு போட்டுட்ட, இன்னங் கொஞ்சந்தானே. முடிச்சிட்டுக் குடு.”

வெயில் சந்துச் சுவரின் மேல்விளிம்புக்கு ஏறிவிட்டது. கடலூர்க்காரர் இந்நேரம் பஸ் ஏறியிருப்பார். தனக்கொடி மிஷினை அணைத்தாள். பிட்டைச் சுவரிலிருந்து முழுக்க வெளியே இழுத்து, மேசையில் படுக்கவைத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு இறங்கினாள்.

“கை கால் கழுவித் தொழத் தண்ணி கேக்கறாங்க. நான் முடியாதுன்னு சொல்ல மாட்டேன்கா. அவங்க வேற கட்டையத் தேடி எடுத்துச் சொருகிட்டாலும் என்னால தடுக்க முடியாது. நானே குடுத்துட்டா எப்ப கரண்டு இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.”

கொண்டுபோய்க் கொடுத்தாள். மோட்டார் உறுமியது. திரும்பிவந்தவள் ரமீஜாவைப் பக்கத்தில் கூப்பிட்டு, சுரண்டி வைத்த இடத்தில் அந்தச் செத்த ஒயரில் டெஸ்டரை வைத்தாள். குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

ரமீஜா பார்த்துக்கொண்டே நின்றாள். “நான் வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை இந்தச் செவுத்த ஈரத்துணி போட்டுத் தொடைக்கறேன்” என்றாள் மெதுவாக. “அல்லா காப்பாத்தினான்.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தனக்கொடி காத்திருந்தாள். காத்திருப்பதைப்போல ஒரு கொடுமை கிடையாது, அதுவும் பொழுது இறங்கும்போது. டேங்க் நிறைந்தது, மோட்டார் நின்றது. பிறகு தொழுகை. அதுவும் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் ஜைத்தூன் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வாசல்வரைக்கும் வந்தாள். படி ஏறவில்லை. பீஸ் கட்டையைத் தனக்கொடியின் கையில் வைத்தாள்.

“சீக்கிரம் முடி. ராத்திரியில அவ மூச்சு இழுக்கறது எங்க ரூம் வரைக்கும் கேக்குது” என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் போய்விட்டாள்.

உள்ளே இருந்த ரமீஜாவுக்கு அது கேட்டது. அவள் பூனையைத் திட்டவில்லை.

கட்டை மடிக்குப் போனது. மேசையை வாசல்வரைக்கும் ரமீஜாவும், அங்கிருந்து சந்துக்குச் சொல்தாவும் தனக்கொடியோடு சேர்ந்து தூக்கிவந்தார்கள். சின்னத் துளையை நடுவாக வைத்து வெளியிலிருந்து அறுத்தாள். கை கடுத்தது, தோள் கழன்றுவிடும்போல இருந்தது, விடவில்லை. கடைசியில் பிட்டு சட்டென்று லேசானது. பெயராமல், விரியாமல், வட்டமாக ஓட்டை. உள்ளே கையை விட்டுத் தடவினாள். ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி, சுண்ணாம்பு உதிர்ந்த செங்கல் இடுக்கில் அந்த ஒயர் வளைந்து கிடந்தது. கையை மெதுவாக வெளியே எடுத்தாள்.

ரமீஜாவின் பீஸ் கட்டையைச் சொருகிக் கொடுத்தாள். ஃபேனை ஆரிப் வந்து மாட்டிக்கொள்வார். அறுந்து வந்த செங்கல் வட்டு ஒன்றைச் சாட்சிக்குப் பையில் போட்டுக்கொண்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் வண்டியை விரட்டினாள்.

வீட்டில் கடலூர்க்காரர் பாயில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தனக்கொடி மிஷினைப் போய் மூலையில் வைத்துவிட்டு, செங்கல் வட்டை ராமலிங்கத்தின் முன்னால் வைத்தாள். அவன் அதை எடுத்துப் பார்த்தான். ஓரம் கத்தரித்ததுபோல் இருந்தது.

“போட்டுட்ட. சரி” என்றான். முகம் தெளியவில்லை. “இன்னிக்கிப் போட்ட. நாளைக்கி? நாளன்னிக்கி? ஓட்டை போடறது பெரிசில்ல தனம். நானும் போட்டவன்தான்.”

சொன்ன வார்த்தையை அவள் காப்பாற்றிவிட்டாள், அவன் பயத்துக்கு அது மருந்தாகவில்லை. கடலூர்க்காரர் டம்ளரை வைத்துவிட்டு மிஷின் பக்கம் எழுந்தார். அவள் முந்திக்கொண்டு சாக்கைப் பிடிக்கக் குனிந்தாள். இடுப்பில் என்னவோ குத்தியது. கையை வைத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஐயையோ” என்று மடியை அவிழ்த்தாள். வெள்ளைப் பீங்கான் கட்டை. “அந்தக்கா வீட்டு மோட்டாரு பீஸு. குடுக்க மறந்து தூக்கிட்டு வந்துட்டேன். காலையில தண்ணிக்கு என்னா பண்ணுவாங்க?”

“அது எதுக்கு உங்கிட்ட?” என்றான் ராமலிங்கம்.

“எங்கிட்டதான் இருக்கும். வேலை முடியற வரைக்கும் ரெண்டு வீட்டுக் கட்டையும் எம் மடியிலதான் இருந்திச்சி. நடுவுல தொழணும்னு கேட்டாங்க, மிஷினை எறக்கி வெச்சிட்டுதான் குடுத்தேன். மறுபடி கைக்கு வர்ற வரைக்கும் செவுத்தத் தொடல.”

ராமலிங்கம் கையை நீட்டினான். கோணல் கையில் அந்தக் கட்டை சரியாக நிற்கவில்லை, இடது கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கியதை அவள் பார்த்தாள், கடலூர்க்காரரும் பார்த்தார்.

“ஜன்னல்ல வெச்சேன் தனம், நான்” என்றான்.

பிறகு கடலூர்க்காரரைப் பார்த்து, “மன்னிச்சிக்குங்கண்ணே. மிஷினு குடுக்கறதில்ல. இன்னொரு டீ குடிச்சிட்டுப் போங்க” என்றான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

“எங்கய்யா கெளம்பிட்ட?”

“காலையில அவங்க தண்ணிக்குத் திண்டாடக் கூடாது. வண்டிய எடு, நானும் வரேன்.”

அவள் ஓட்டினாள், அவன் பின்னால் உட்கார்ந்தான். முல்லா வீதி வரைக்கும் அந்தப் பீஸ் கட்டையை அவன் சட்டைப் பையில் போடவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான்.